மில்வி டீச்சரின் சமையலறை வகுப்பு

மில்வி டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அமிலம். அது அவருக்கே தெரியும். வகுப்புக்குள் நுழையும்போதே, "அமிலம் வந்தாச்சு, கண்ணை மூடிக்கோங்க" என்பார். வோரு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் அவர் வேதியியல் எடுக்க வந்தபோது, சோவியத் கொடியை இறக்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அப்புறம் பணம் மாறியது, பாடப் புத்தகம் நாலைந்து தடவை மாறியது. மில்வி மாறவில்லை. நான் அங்கே வரலாறு எடுக்கிறேன். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவர் வாயிலிருந்து தெறித்ததில் பாதி என் மேல்தான் விழுந்திருக்கிறது.

எங்கள் தலைமை ஆசிரியர் ரௌனோ வயதில் சின்னவர், மில்வியிடமே படித்தவர். வேதியியலில் அவர் தேறியது தன் இரக்க குணத்தால்தான் என்று மில்வி சொல்லிக்கொள்வார். அந்தக் குணம் மில்வியிடம் இருந்ததற்கு வேறு சான்று எதுவும் கிடைத்ததில்லை.

ஒரு இலையுதிர் காலத்தில் ரௌனோ எங்களையெல்லாம் கூட்டி வைத்து, இனி எல்லா வகுப்பிலும் இணைய வினாடி வினா நடக்க வேண்டும் என்றார். ஆசிரியர் கேள்வியைப் பெரிய திரையில் போடுவார். பிள்ளைகள் கைப்பேசியில் விடையைத் தட்டுவார்கள். சொந்தப் பெயரைப் போட வேண்டியதில்லை, எந்தப் புனைபெயரும் வைத்துக்கொள்ளலாம்.

"எதுக்குப் புனைபெயர்? திருடப் போறாங்களா?" என்றார் மில்வி.

"கூச்சப்படாமப் பதில் சொல்வாங்க டீச்சர்."

"என் வகுப்புல கூச்சப்படறவன் எவன் இருக்கான்? நீ இருந்தப்பகூட யாரும் கூச்சப்படலியே, ரௌனோ."

ஆனாலும் செய்தார். ஒன்பதாம் வகுப்பில் முதல் வினாடி வினா. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அவற்றில் ஒன்று 'மில்வியின் மீசை'. வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. மில்வி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைச் சத்தமாக வாசித்தார்.

"மீசை இருக்கறது உண்மைதான். என் அம்மாவுக்கு இதைவிட நல்லா இருந்துச்சு. சரி, முதல் கேள்வி."

முதல் கேள்வி, மோல் என்றால் என்ன என்பது. வேதியியலில் அணுக்களை எண்ணுகிற அளவு அது. மூன்று வாரமாக அதைத்தான் நடத்தியிருந்தார். ஒவ்வொரு நாளும் கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் எல்லாத் தலைகளும் ஆடியிருந்தன. இப்போது திரையில் விடைகள் வந்தன. சரியாகச் சொன்னவர்கள் நாலே பேர். மீதிப் பேர், மோல் என்பது எடை என்றும், வெப்பம் என்றும், ஒரு வகை வாயு என்றும் தட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு ஆசிரியர் அறையில் அவர் காப்பியைத் தொடவே இல்லை.

"இத்தனை வருஷமா சுவத்துக்குப் பாடம் எடுத்திருக்கேன்" என்றார். "சுவத்துக்காவது புரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன்."

சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

மறுநாள் வகுப்பில், புரியாததைப் பெயர் போடாமல் எழுதி அனுப்பச் சொன்னார். 'மோலைக் கையில் பிடிக்க முடியுமா?' என்று ஒன்று வந்தது. 'எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே எதுவும் புரியவில்லை, கேட்டால் திட்டுவீர்கள்' என்று இன்னொன்று. இந்த இரண்டாவதை என்னிடம் காட்டிவிட்டு, "திட்டத்தான் செய்வேன்" என்றார். அதை மறுபடி வாசித்துவிட்டு, "அதுதான் தப்பு போல" என்றார்.

வீட்டிலேயே காணொளி எடுத்து வகுப்பின் இணையப் பக்கத்தில் போடலாம், பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். சனிக்கிழமை மாலை, சமையலறை மேசையில் ஊறுகாய் ஜாடியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பேசத் தொடங்கினார். பாதியில் அவர் வீட்டுக்காரர் எண்டெல் உள்ளே வந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். சானா என்கிற வெந்நீராவி அறையில் வெந்து, இறால் நிறத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு பீர் எடுக்க வந்திருந்தார்.

"யாருகூடப் பேசிக்கிட்டிருக்க?"

"பாடம் எடுக்கறேன். போய்யா அந்தப் பக்கம்."

"யாருக்கு? வெள்ளரிக்கா ஊறுகாய்க்கா?" எண்டெல் குளிர்பெட்டியைத் திறந்தார். "மோல்னா என்னா அது?"

"ஒரு எண்ணிக்கை. நீ ஜோடின்னு சொல்றியே, அந்த மாதிரி. ஜோடின்னா ரெண்டு. மோல்னா ரொம்ப ரொம்பப் பெரிய ஒரு நம்பர்."

"அப்ப எடை கெடையாதா?"

"ஒரு ஜோடி காலுறைக்கும் ஒரு ஜோடி பஸ் டயருக்கும் எடை ஒண்ணா?"

"பைத்தியமா உனக்கு? டயரைத் தூக்கிப் பாத்திருக்கியா?"

"ஆனா எண்ணிக்கை?"

"ரெண்டும் ரெண்டுதான்." எண்டெல் பீர் மூடியைத் திறந்தார். "அட, இவ்ளோதானா? அணுவுல சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு. எண்ணிக்கை ஒண்ணு, எடை வேற. இதுக்காடி இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைங்கள அழ வெச்ச?"

அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும் என்றுதான் மில்வி நினைத்திருந்தார். வெட்டத் தெரியாமல் முழுசாக ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை காலைக்குள் அந்தக் காணொளியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தது. ரொட்டிக் கடைக்காரி என்னிடமே, "எண்டெலுக்கு அந்த வயசுக்கு உடம்பு பரவால்ல" என்றாள்.

மில்வி அதை நீக்கிவிடத்தான் பள்ளிக்கு வந்தார். அதற்கு முன் வினாடி வினாவை இன்னொரு தடவை நடத்திப் பார்த்தார். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் சரி. 'துண்டு கட்டியவர் அடுத்த பாடத்துக்கும் வருவாரா?' என்று ஒரு பெயரில்லாத கேள்வியும் வந்திருந்தது.

எண்டெல் வந்தார். வாராவாரம் வந்தார். அமிலம் ஏன் புளிக்கிறது, இரும்பு துருப்பிடிக்கும்போது எங்கே போகிறது, ஹைட்ரஜன் எரியும், ஆக்சிஜன் எரிக்கும், அப்புறம் தண்ணீர் ஏன் எரியவில்லை என்று கேட்டார். பிள்ளைகள் வாயில் வந்து நின்று வெளியே வராத கேள்விகள் அவை. எண்டெலுக்கு வெட்கம் என்பதே இல்லாததால் தாராளமாகக் கேட்டார்.

பிறகு ஒரு பெற்றோர் புகார் எழுதினார். ரௌனோ மில்வியைக் கூப்பிட்டார்.

"டீச்சர், பள்ளிக்கூட இணையப் பக்கத்துல ஒரு ஆம்பளை துண்டோட நிக்கறாரு..."

"துண்டு இல்லாம நின்னாத்தான் தப்பு."

"சட்டையாவது போட்டுக்கச் சொல்லுங்க."

எண்டெல் சட்டையோடு நிறுத்தவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டையும் போட்டார், தலையை எண்ணெய் வைத்து வாரினார். அதைவிட மோசமாக, மனைவிக்குத் தெரியாமல் நூலகத்திலிருந்து வேதியியல் புத்தகம் எடுத்துப் படித்தும் வைத்திருந்தார். அடுத்த காணொளியில் மில்வி உப்புகளைப் பற்றி ஆரம்பித்ததுமே, "அதாவது, அயனிப் பிணைப்பு காரணமா" என்று எண்டெல் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். அவர் கேள்வியே கேட்கவில்லை, பதில் மட்டும் சொன்னார். பார்த்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வினாடி வினாவில் மறுபடி பழைய கதைதான். 'பழைய ஆள் எங்கே? இவர் இன்னொரு டீச்சர்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

மில்வி அதை வீட்டில் நாசூக்காகச் சொல்லப் பார்த்தார். நாசூக்கு அவருக்கு வராது.

"நீ முட்டாளா இருந்தப்பதான் நல்லா இருந்துச்சு, எண்டெல். படிக்கறதை நிறுத்து."

எண்டெல் புத்தகத்தை மூடினார். "எட்டாங்கிளாஸோட நிறுத்திட்டு டிரைவிங் போனவன் நான். எனக்கு எதுவும் மண்டைல ஏறாதுன்னு எங்க வாத்தியார் சொன்னாரு. இப்ப ஏறுது. அதையும் வேணாங்கறியா?"

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். வாரம் முழுக்கப் பேச்சில்லை. மில்வி தனியாக ஒரு காணொளி எடுத்தார். அதைப் பார்ப்பதை நானே பாதியில் நிறுத்திவிட்டேன்.

"இத்தனை வருஷம் அந்த ஆளுக்குப் பக்கத்துல படுத்திருக்கேன்" என்றார் என்னிடம். "படிக்க ஆசை இருக்குன்னு தெரியாது. கேட்டிருந்தா திட்டியிருப்பேன்."

அன்றைக்கே எண்டெலை வகுப்புப் பக்கத்தில் சேர்த்துவிட்டார். பிள்ளைகளைப் போலப் புனைபெயரோடு, அதே வினாடி வினா, அதே வீட்டுப்பாடம், வருஷக் கடைசியில் அதே தேர்வு. எண்டெலின் புத்தகம் மறுபடி திறந்தது.

கேள்வி கேட்க ஆள் இல்லையே என்ற சிக்கல் அப்படியே நின்றது. அதைத் தீர்த்து வைத்தது ரௌனோதான், தெரியாமல். முடியாமல் கிடந்த அந்தப் புகார் விஷயமாகப் பேச ஒரு சனிக்கிழமை மில்வி வீட்டுக்குப் போனார். மேசையில் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் இருந்தன, கைப்பேசி ஓடிக்கொண்டிருந்தது. வேதியியலில் உப்பு என்றால் பெரிய குடும்பம், சாக்பீஸ்கூட ஒரு உப்புதான் என்று மில்வி சொல்லிக்கொண்டிருந்தார்.

"உப்புன்னா ஒண்ணுதானே டீச்சர்? சூப்புல போடறது?" என்றார் ரௌனோ.

எண்டெலுக்குப் புரை ஏறியது.

"சாக்பீஸ் உப்புன்னா அதையும் சூப்புல போடலாமா?"

"போடு. கரையாது, அடில போய் உக்காரும். உன்னை மாதிரியே. ஏன் கரையலன்னு கேளு இப்ப."

"ஏன் கரையல?"

பாடம் அங்கிருந்து ஓடியது. கைப்பேசி ஓடுகிறது என்று கடைசியில் தெரிந்ததும் ரௌனோ சிவந்துபோனார். அழித்துவிடச் சொன்னார்.

"அழிக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லு, இந்தக் கேள்வியை அப்ப என் வகுப்புல ஏன் கேக்கல?"

"பயம் டீச்சர்."

மில்வி ரொட்டியில் வெண்ணெய் தடவி ரௌனோ பக்கம் தள்ளினார்.

ரொட்டியை மென்றுவிட்டு ரௌனோ, "சரி, அழிக்க வேணாம், போடுங்க" என்றார். தலைமை ஆசிரியரே முட்டாளாக நிற்கும்போது புகார் எழுதியவருக்கும் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது ரௌனோ கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அந்தச் சமையலறைக்குப் போய், தான் மறந்துபோனதையெல்லாம், அதாவது எல்லாவற்றையும், கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் பெயரில்லாமல் வந்த கேள்விகளில் சிலவற்றின் கீழ் மெல்லச் சொந்தப் பெயர்கள் தென்பட ஆரம்பித்தன.

ஜூனில் எண்டெல் பிள்ளைகளோடு சின்ன மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தேர்வு எழுதினார். ஐந்துக்கு மூன்று மதிப்பெண். நாலு வந்திருக்க வேண்டும் என்று அவருக்கு வருத்தம். மறுதிருத்தம் கேட்டார். மில்வி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழாவது கேள்வில சமன்பாடு தப்பு. மூணுதான்."

"வீட்டுக்காரன்னு ஒரு மார்க் போடக்கூடாதா?"

"வீட்டுக்காரன்னு பாத்திருந்தா ரெண்டுதான் போட்டிருப்பேன்."

எண்டெல் இலையுதிர் காலத்தில் மறுபடி எழுதப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஏழாவது கேள்வியை யாராவது தனக்கு விளக்கித் தர முடியுமா என்று என்னிடம்கூடக் கேட்டார். நான் வரலாற்று ஆசிரியன் என்றேன். "பரவால்ல, உனக்கும் தெரியாதுன்னா உக்காரு, சேந்து கேப்போம்" என்றார்.