பாதி கிரிவலம்

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியறைக்கு வாடகைக்கு வந்த அந்தப் பெண், டென்னிஸ் ஆட்டக்காரி. நல்ல உயரம். வலது தோளில் ஆபரேஷன் தழும்பு, முட்டியில் எந்நேரமும் பட்டை. உடம்பு தேறினால் மறுபடி போட்டிக்குப் போவாளாம். அதுவரை ஓய்வு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவளுக்குச் சும்மா உட்காரவே தெரியாது. வலது கையைத் தூக்க முடியாததால் இடது கையில் மட்டையைப் பிடித்து, மொட்டைமாடிச் சுவரில் பந்தடித்துக்கொண்டே இருப்பாள். கீழே எனக்குத் தலை வலிக்கும். "நிறுத்தும்மா!" என்று கத்துவேன். "இதோ ஆச்சுக்கா" என்பாள். நிறுத்த மாட்டாள்.

எங்கள் ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "ஒரு வாட்டி மலையைச் சுத்திட்டு வாம்மா, எல்லாம் சரியாயிடும்."

ஒருநாள் விடிகாலையில் வெறுங்காலோடு கிளம்பியவள், அடி அண்ணாமலையிலிருந்தே ஆட்டோவில் திரும்பிவிட்டாள். முட்டி வீங்கியிருந்தது.

வாசலுக்கு ஓடினேன். "கிரிவலத்தைப் பாதியில விடலாமா? ஆகாதும்மா."

"வலிச்சுது, நிறுத்திட்டேன்க்கா." படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவினாள். "மேட்ச்ல ஒரு தடவைகூட இப்படி நிறுத்துனதில்ல. வலியோடவே ஆடி ஆடித்தான் எல்லாம் போச்சு. அப்பவே நிறுத்தியிருந்தா இன்னிக்கும் ஆடிட்டிருப்பேன்."

ஐஸ்கட்டி கொடுத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். அப்பாடா, இனியாவது சும்மா இருப்பாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தபடியே அடிக்கிறாள் போல. கத்துவதற்கு எனக்கு அன்று வாய் வரவில்லை.