கட்டிலுக்கு மேலே ஆபிரகாம்

ஈரம் பிடித்த பழைய தாளின் புளித்த வாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அகதிகளாய் வந்து சேர்ந்த அயல்நாட்டு நகரத்தின் லாச்சப்பல் பகுதியில், ஐந்தாம் மாடியில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில், என் கட்டிலுக்கு நேர் மேலே, பழஞ்சாமான் சந்தையில் அப்பா வாங்கிவந்த வேதாகமப் படம் ஒன்று தொங்கியது. முந்நூறு வருடங்களுக்கு முந்தைய பரோக் காலத்தில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் அது என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்தவை, மலையுச்சியில் விறகின் மேல் கட்டுண்டு கிடந்த பையனும், அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தியை ஓங்கிய தகப்பனும், மயிரிழைக் கோடுகள் நெருங்கி நெருங்கிக் கறுத்துப்போன இருட்டும்தான்.

“ஆண்டவர் கேட்டவர், ஆபிரகாம் பிள்ளையைக் குடுக்கப் போனவர்” என்றார் அம்மா. மீதிக் கதையை அவர் சொல்லவில்லை. எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். போருக்குத் தப்பி, கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், அவரை மன்னாரில் மாமாவிடம் விட்டுவந்திருந்தார்கள். அவரைப் பற்றிக் கேட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அண்ணனைக் கொடுத்தாயிற்று, அடுத்தது நான்தான் என்று முடிவுகட்டி, போர்வையை வாயில் திணித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மா வேலைக்குப் போன பிறகு, அப்பா என்னை எழுப்பினார். “வெளிக்கிடு பிள்ளை. அம்மாவுக்குச் சொல்லாதை.” எங்கே என்று கேட்கப் பயந்து பின்னால் நடந்தேன். மொம்மார்த் குன்றின் படிகளைக் கண்டதும் நின்றுவிட்டேன், படத்திலும் மலைதானே. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “என்னை வெட்டப் போறீங்களோ, அப்பா?” என்றேன்.

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மாமா போன் எடுத்தவர். அண்ணையைக் காணேல்லையாம், ரெண்டு மாசமா. அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. கோயிலிலை ஒரு மெழுகுதிரி கொளுத்தத்தான் வந்தனான்.” பிறகு என் கையைக் கம்பியிலிருந்து மெல்ல விடுவித்தார். “அந்தப் படத்திலை சம்மனசு ஆபிரகாமின்ரை கையைப் பிடிச்சிருக்கெல்லோ. நீ பாக்கேல்லையே?”

நான் கத்திக்கு மேலே பார்க்கத் துணிந்ததேயில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் ஏறி நின்று பார்த்தபோது, கோடுகளின் நெரிசலுக்குள் ஒரு தேவதூதனின் இறக்கையும், ஓங்கிய மணிக்கட்டைப் பற்றிய விரல்களும் தெரிந்தன. ஆனாலும் பயம் தீரவில்லை. அன்றுவரை எனக்காகப் பயந்தவள், அன்றிலிருந்து அண்ணனுக்காகப் பயந்தேன். மாலையில் அப்பா அம்மாவிடம் சொன்னபோது, குளியலறைக்குள் போய்க் காதுகளைப் பொத்திக்கொண்டேன்.

புறநகரான திரான்சிக்கு வீடு மாறியபோது படம் தொலைந்துபோனது. அப்பாவும் இப்போது இல்லை. அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் வரவில்லை. அம்மாவின் அரசாங்கப் படிவங்களை நான்தான் நிரப்புகிறேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடம் வந்ததும் அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் இரண்டு என்று எழுதி முடிக்கும்வரை.