கண் மேலே போனால் ஆமாம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மாதுங்காவில் வளர்ந்து, பம்பாயிலேயே டாக்டருக்குப் படித்தவள். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அறுபதுகளில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தேன். தாராவி தோல் கிடங்கில் வேலை பார்த்த சுடலைமுத்து என்பவரைக் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலைக்கு நடுவில் அப்படியே சரிந்துவிட்டாராம். கை கால் அசையவில்லை, பேச்சில்லை, கண் மட்டும் மேலும் கீழும் போனது. நினைவே இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பெரிய டாக்டர்தான் புரியவைத்தார். மூளையையும் முதுகுத்தண்டையும் இணைக்கும் மூளைத்தண்டு கட்டைவிரல் பருமன்தான், அதில் மூன்று பகுதி. மேலே நடுமூளை, அது தப்பித்ததால் கண் அசைகிறது. நடுவில் பாலம் போன்ற பகுதி, அங்கே ரத்தக்குழாய் அடைத்ததால் கை காலுக்கும் நாக்குக்கும் போகிற கட்டளை அறுந்துவிட்டது. கீழே முகுளம், மூச்சை நடத்துவது அதுதான்.

"அடைப்பு கீழ எறங்கித்துன்னா மூச்சு நின்னுடும். பக்கத்துலயே இரு" என்றார்.

அப்படியென்றால் உள்ளே மனிதர் முழுசாக விழித்திருக்கிறார். கண் மேலே போனால் ஆமாம், கீழே போனால் இல்லை என்று எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாயிற்று. தினமும் சாயங்காலம் வரும் அவர் மனைவி இசக்கியம்மாளும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கொட்டுகிற மழை. அவர் கண் விடாமல் மேலே போய்ப் போய் வந்தது.

"வலிக்கறதா?" இல்லை. "குளிர்றதா?" இல்லை. "வீட்டு ஞாபகமா?"

ஆமாம், ஆமாம், ஆமாம்.

அடுத்த கேள்வி கேட்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நர்ஸ் மூச்சுக் கொடுக்கிற ரப்பர் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு கையால் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பையை அமுக்கிக்கொண்டே இருந்தேன். நாடி ஓடியது. ஆனால் திறந்திருந்த கண்ணில் ஆள் இல்லை, வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் கை மரத்துப்போன பிறகு மூச்சு தானாகத் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரத்தில் இசக்கியம்மாள் வந்தாள், உடம்பெல்லாம் சேறு, இடுப்பில் குழந்தை. புருஷனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, நீங்க எப்படி அதுக்குள்ள இங்க வந்தீய?"

"நான் எங்க போனேன்?"

"எங்க வீட்டு வாசல்ல அவிய சத்தம் கேட்டுச்சு. புள்ளயத் தூக்கிட்டு வெளிய ஓடியாறேன், பின்னாலயே சுவரு இடிஞ்சு விழுந்துட்டு. நிமிந்து பாத்தா நீங்க அவிய தாடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிய."

டாக்டரம்மா ஓரடி நகரவில்லை என்று நர்ஸ் சத்தியம் செய்தாள். நான் அவரிடம் குனிந்தேன்.

"வீட்டுக்குப் போனேளா?"

கண் மேலே போனது. நானும் கூட வந்தேனா என்று கேட்க வாய் வரவில்லை. அந்த வாரமே அவர் இறந்துபோனார்.

நம்பினால் நம்புங்கள், தாராவியில் நான் அதற்கு முன்னும் கால் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. அந்த வீடு எப்படி இருக்கும் என்று இசக்கியம்மாளும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசல் எனக்குத் தெரியும். பச்சைக் கதவு, பக்கத்தில் ஒரு கொடி, எடுக்க மறந்த மஞ்சள் கவுன் ஒன்று அதில் தொங்கி நனைந்துகொண்டிருக்கிறது.