இருபத்தேழு சென்டிமீட்டர்

நம்புங்கள், நம்பாமல் போங்கள். அந்தக் கதவை இழுத்துச் சாத்தியது இந்தக் கைதான்.

ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் லேசர் கருவியால் தூரம் அளப்பது என் வேலை. தரைக்குக் கீழே ஒரு அறை. தூசியைவிடச் சின்னக் கண்ணாடிமணி ஒன்றை, கடுங்குளிரில், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கவைக்கும் சோதனை அங்கே நடந்தது.

"மணி ரெண்டு இடத்துல இருந்தா, அதைச் சுத்தியிருக்கிற வெளியும், அதாவது இடமும், ஒரே நேரத்துல ரெண்டு விதமா வளைஞ்சிருக்கணும்," என்பார் எங்கள் விஞ்ஞானி அம்மா. "பயப்படாதே, கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்தான்."

அன்று மதியம் 3:10. கதவிலிருந்து எதிர்ச்சுவருக்கு அளந்தேன். 6.20 மீட்டர். எப்போதும் அதுதான்.

3:12. மறுபடி அளந்தேன். 6.47.

கருவியைத் துடைத்தேன். 6.20. அடுத்த தடவை... 6.47.

எனக்கு அக்கா வீட்டுக்காரர்மேல் சந்தேகம் வந்தது. அங்கேயே எலக்ட்ரீஷியன் அவர். என்னை முட்டாளாக்கிப் பார்ப்பதில் மனிதருக்குத் தனிக் குஷி.

"மாமா, விளையாடாதீங்க. வெளிய வாங்க."



டக்... டக்... செருப்புச் சத்தம். கண்ணாடிமணி இருந்த குளிர்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வந்தது. அங்கே ஒரு கைகூட நுழையாது.

3:16. போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"கேன்டீன்ல. ஏன் மாப்ள, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

போனில் அவருக்குப் பின்னால் தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. பொய் சொல்லவில்லை.

அப்போது சுவரோரத்திலிருந்து...

"மாப்ள... கதவு எந்தப் பக்கம்டா?"

அதே குரல்.

காதில் ஒன்று. அறைக்குள் ஒன்று.

ஓடினேன்.

சாத்தினேன்.

உள்ளிருந்து தட்டல்... மூன்று தடவை.

அப்புறம் இல்லை.

3:40-க்கு விஞ்ஞானி அம்மா வந்து திறந்தார். அறை காலி. அளந்தார். 6.20. "கருவியில கோளாறு. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ," என்றார்.

மறுநாள் கதவுப் பதிவைப் பார்த்தேன். மாமாவின் அடையாள அட்டை 2:51-க்கு உள்ளே போயிருக்கிறது. வெளியே வந்ததாகப் பதிவே இல்லை.

கேட்டதற்கு, "நான் அந்தப் பக்கமே போகலையே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்தேன். அவர்தான். அவர் மாதிரிதான்.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"உன் மாமாவுக்கு என்னடா ஆச்சு? இடம்வலம் மாறிப்போன மாதிரி, வீட்ல எல்லா ஸ்விட்சையும் எதிர்ச் சுவர்லயே தேடுறாரு..."