‘அன்’ மேல் விழுந்த அழுத்தம்

கல்லூரி முடித்ததும் ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. வடசென்னை எர்ணாவூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். முதலில் உச்சரிப்புப் பயிற்சி. வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்வதற்கு முன் ‘அன்ஃபார்ச்சுனட்லி’ என்று தொடங்க வேண்டுமாம். நான் ‘அன்’னை அழுத்திச் சொன்னேன். இல்லை என்ற பொருளைத் தருவது அந்த முன்னொட்டுதானே, ஓங்கிச் சொல்ல வேண்டியது அதைத்தான் என்று நினைத்திருந்தேன்.

பயிற்சியாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அன், ஃபார், ச்சு, நட், லி என்று ஐந்து அசையாகப் பிரித்துக் காட்டி, ‘ஃபார்’ வரும்போது மட்டும் கைதட்டச் சொன்னார். பதற்றத்தில் மறுபடியும் ‘அன்’னுக்கே தட்டிவிட்டேன். எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன்.

“அதான். இன்னா, கீதுன்னு பேசற வாய்க்கு இங்கிலீஷ் எங்கேர்ந்து வரும்?”

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டதே ‘அன்’ என்றுதான்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லோடு ஏற்றி இறக்கும் அப்பாவிடம் வேலையை விடப்போவதாகச் சொன்னேன். “வுட்டுட்டா அவன் ஜெயிச்ச மாரி ஆய்டும்” என்றார். விடவில்லை. அந்த ஆளின் முகத்தை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாக உடைத்துப் பழகினேன்.

பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறி, பயிற்சிப் பிரிவுக்குத் தலைமையேற்றேன். போன வருடம் அங்கே வேலை கேட்டு அந்தப் பழைய பயிற்சியாளர் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மாதிரி வகுப்புக்கு அதே சொல்லைக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான். எங்களிடம் பயிற்சிக்கு வியாசர்பாடியிலிருந்து வரும் பெண் ஒருத்தி அதைச் சொல்லித் தடுமாறினாள். அவர் சிரித்துக்கொண்டே, “எந்த ஏரியாமா நீ?” என்றார்.

நான் எழுந்தேன். “எர்ணாவூரு சார். ஞாபகம் கீதா?”

அவர் முகம் வெளுத்தது. அன்றைக்கு ஏதோ தமாஷுக்குச் சொன்னது என்று முனகினார். மின்னஞ்சலே போதும் என்றாலும், வேலை இல்லை என்பதை நானே போன் செய்து சொன்னேன். ‘ஃபார்’ மேல் அழுத்தம் சரியாக விழுந்தது.

சொந்தப் பகையா என்று மேலாளர் கேட்டார். அதுவும்தான் என்றேன். வீட்டில் அப்பா, அவன் மூஞ்சி எப்படிப் போச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.