பதினேழு என்று எழுதியிருந்த ஹார்ட் டிஸ்க்

லாரிக்கு எந்த ஸ்பேர் வாங்கப் போனாலும் அப்பா கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோவார். கடைக்காரர்களின் பேச்சை நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. எண்பதுகளின் கடைசியில், தொப்பூரில் இருந்த எங்கள் லாரி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்க பெங்களூர் போனபோதும், உள்ளேயிருந்த இரண்டு பட்டை ஒயர்களைக் கழற்றிப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரே அக்காவுக்காக வந்ததுதான். சேலத்தில் அதைப் படித்துவிட்டு வந்தவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. “வயசுப் பொண்ணு அங்க தனியா போயி எதுக்கு? அதே மிஷினை இங்கயே வாங்கிப் போடறேன்” என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசி வென்றது.

எனக்கு அப்போது பத்து வயது. ஒயர்ப் பட்டைகளை எண்ணிப் பார்த்திருந்தேன். ஒன்றில் முப்பத்து நான்கு கம்பிகள், மற்றதில் இருபது. வந்த டிஸ்க்கில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

“இது மட்டும் பத்தாதுங்கப்பா” என்றாள் அக்கா. இது எந்த ரக டிஸ்க் என்று ஓர் எண்ணைத் தட்டி கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டுமாம். எண் தப்பினால் அது டிஸ்க்கைச் சேர்த்துக்கொள்ளாதாம். சொருகிய பிறகும் அறிமுகம் வேறு செய்துவைக்க வேண்டுமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். டிஸ்க்கின் மேல் கடைக்காரர் பேனாவால் எழுதியிருந்த பதினேழை நான்தான் உரக்கப் படித்தேன். அக்கா இரண்டு என்று தட்டினாள். திரையில் பிழை என்று வந்தது. மறுபடியும் இரண்டே தட்டினாள்.

“இந்த மிஷினுக்கு இது ஒத்து வராதுங்கப்பா. நானே கடைக்கு வந்து பாத்து மாத்துனாத்தான் ஆகும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். டிஸ்க் மாற்றப் போகிறவளுக்கு அக்காவின் பை சற்றுப் பெரிது. இரண்டு நாள் கழித்து அப்பா மட்டும் திரும்பினார், கையில் அதே டிஸ்க்கோடு.

“அக்கா ஆஸ்டல்ல இருக்குது. வேலைல சேத்துட்டேன்” என்றார்.

எனக்கு டிஸ்க்தான் பெரிதாக இருந்தது. ஒயர்களைச் சொருகி, அக்கா செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் பதினேழு என்று தட்டினேன். விளக்கு மினுக்கியது. பிழை வரவில்லை.

“அப்பா, இது நல்ல டிஸ்க்குதானுங்கப்பா!” என்று கத்தினேன்.

“தெரியும்மா. கடைக்காரரு அக்கா முன்னாலயே ஓட்டிக் காட்டிட்டாரு.”

குரலில் கோபம் இல்லை. அக்கா வேண்டுமென்றே தப்பு எண்ணைத் தட்டியது தெரிந்தும் அவளைத் திட்டி, கையோடு கூட்டிக்கொண்டு வராமல், ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.