தூங்குவதுபோல் கிடந்த சாயங்காலம்

எஸ்தர்ராணி டீச்சர் படுத்துக் கிடந்து யாரும் பார்த்ததில்லை. கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருஷமாக ஹாக்கி சொல்லிக்கொடுப்பவர். காய்ச்சல் அடித்தாலும் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்பார். அப்படிப்பட்டவரை விளாத்திகுளம் ரோட்டில், ஐப்பசி மழையில் குழைந்து கிடந்த கரிசல் சகதி சறுக்கி விழவைத்தது. ஓட்டிவந்த ஸ்கூட்டர் மேலே விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது.

வலியைப் பொறுத்துக்கொண்டார். கணவர் டெனிஸ் கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப்போவதையும் போகப்போகப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவர் இடத்தில் பானு என்ற இளம் டீச்சர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். தினமும் போன் செய்து, யாரை எங்கே நிறுத்தலாம் அக்கா என்று பணிவாகக் கேட்பாள். உனக்குத் தோன்றியபடி செய் என்று இவர் போனை வைத்துவிடுவார். மாவட்டப் போட்டி நெருங்கியபோது, தோற்றுப் போகட்டுமே என்று மனசுக்குள் ஓர் ஆசை எட்டிப்பார்த்தது. அவருக்கே திக்கென்றது. ஆனாலும் அந்த நினைப்பு விட்டுப் போகவில்லை.

பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே கோப்பையோடு வாசலில் வந்து நின்றார்கள். செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதும் எஸ்தர்ராணி கண்ணை மூடிக்கொண்டார். எழுப்பட்டுமா என்று டெனிஸ் கேட்க, வேண்டாம் சார், மிஸ் தூங்கட்டும் என்றாள் கேப்டன் மாரிசெல்வி. கட்டிலைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகு டெனிஸ் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கன வந்திருக்காவ. நீ முழிச்சுத்தான் கிடந்தன்னு எனக்குத் தெரியும்ட்டி."

எஸ்தர்ராணிக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கால் முறிந்த கதையைச் சொல்லியாயிற்று. இதை யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக டெனிஸ் ஆட்டோ கொண்டுவந்தார். கால் வலிக்கிறது என்று எஸ்தர்ராணி பொய் சொல்லிவிட்டார்.

அதுவரை தட்டிக்கழித்த, முறிந்த காலுக்கான உடற்பயிற்சியை மறுநாள் தொடங்கினார். தை மாதம் வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், முதலில் மைதானத்துக்குத்தான் போனார். பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"அன்னைக்கு நான் தூங்கல. நான் இல்லாம நீங்க ஜெயிச்சது எனக்குப் பிடிக்கல. அதான் கண்ண மூடிக்கிட்டேன்."

மாரிசெல்வி தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"தெரியும் மிஸ். இமை ஆடிக்கிட்டே இருந்துச்சு."

ரோட்டில் விழுந்து கிடந்தபோதுகூட அழாதவர், தலை நிமிர முடியாமல் அத்தனை பேர் முன்னாலும் அழுதார். பானு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இப்போது மண்டலப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிறது. பானுதான் கோச். எஸ்தர்ராணி தினமும் வந்து ஓரமாக உட்காருகிறார். கேட்டால் மட்டும் சொல்கிறார். மாரிசெல்வியின் முகத்தை நேராகப் பார்க்க அவருக்கு இன்னும் கூசுகிறது.